வெயிலோடு ஒரு வீடு பிடித்துவிட்டேன், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம், சுவர்கள்தான் நலமில்லை. அங்கு நீங்களும் அக்காவும் உலர்ந்த உடம்போடும் உலர்ந்த துணியோடும் நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

“வெயிலுக்கு ஆசைப்பட்டு வீதியில் நிற்காதீர்கள், கிடைத்த கூரைக்குள் நுழையுங்கள்” என்று எழுதியிருந்தீர்கள். கூரைக்கு என்ன பஞ்சம்? குடையும் கூரைதான். ஆனால் வருஷமெல்லாம் மழை கொட்டும் இந்த ஊரில் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டி, வைப்பர் ஆடுகிற கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது முதுகில் வெயில் பட உட்கார ஆசைப்படுவது தப்பா? இந்த வாடகை வீட்டில் துணி காய்வதில்லை, பழுக்கிறது. உப்பை அள்ள முடியாது, ஊற்றத்தான் வேண்டும். போன வாரம் என் வேலைக்காலத்து ஷூவை எடுத்தேன், உள்ளே காளான் குடும்பத்தோடு குடியிருக்கிறது. அதற்காவது வீடு இருக்கிறது. எங்களை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அவர் வீட்டை விற்றுவிட்டார். இந்த ஊரில் காலையில் விளம்பரம் வந்தால் மத்தியானம் வேறு யாரோ போட்ட பூட்டுத் தொங்குகிறது மச்சான். விளம்பரத்தில் ‘வெயில் வரும்’ என்று ஒரு சொல் இருந்தால் வாடகை இரண்டு மாடி ஏறிவிடும்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? ஒரு தரகரைப் பிடித்தேன். எப்போதும் பல் தெரிய இருப்பதால் அவருக்குப் புன்னகை என்று பெயர் வைத்திருக்கிறேன். முதல் வீட்டில் “மத்தியானம் வெயில் கொட்டும் சார்” என்றார். மத்தியானம் வரை காத்திருந்தோம். கொட்டியது, எதிர்வீட்டுச் சுவரில்.

“தெரியுதுல்ல சார்?”

“தெரியுது. அவங்க வீட்டுல.”

“பாக்குறதுக்கு அவங்க காசு கேக்க மாட்டாங்க சார்.”

இரண்டாவது வீட்டில் கூடம் பளீரென்று இருந்தது. அடடா என்று சுவரில் சாய்ந்தேன். புது மஞ்சள் பெயிண்ட். கோட்டு முதுகு முழுக்க ஒட்டிக்கொண்டது. “முதுகுல வெயில் பட்டுருச்சுல்ல, வாங்க போகலாம்” என்றாள் உங்கள் தங்கை. அவள் பேச்சே அப்படித்தான், பிறந்த வீட்டுச் சீதனம்.

மூன்றாவதுதான் நம்ம வீடு! மேல்மாடி, தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல். நாங்கள் போன அன்று பார்த்து வானம் வெளுத்துவிட்டது. படி முழுக்கக் கூட்டம். உள்ளே போனால் ஒருத்தர்கூடக் குளியலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திருகவில்லை. கூடத்தில் விழுந்திருந்த வெயில் துண்டுக்குள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அது நகர நகரக் கூட்டமும் நகர்ந்தது. ஒரு பல் டாக்டர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பேருந்தில் நெரிசலை ஆண்டவனுக்கு இதென்ன பெரிசு? “கொஞ்சம் உள்ள போங்க, உள்ள போங்க” என்று பழைய குரலில் ஒரு சத்தம் போட்டேன். எல்லாரும் தன்னால் சமையலறைக்குள் போய்விட்டார்கள். ஜன்னலோரம் அந்த வீட்டுக்கார அம்மாவின் சாய்வு நாற்காலி காலி. உட்கார்ந்தேன். முதுகில் வெயில். அதன்பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. வீட்டுக்கார அம்மா எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். “வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு குறை சொன்னாங்க. நீங்க குறட்டை மட்டுந்தான் விட்டீங்க. வீடு உங்களுக்குத்தான்” என்றார். பேரம் பேசத் தெரிந்தவன் வாயைத் திறக்கவே கூடாது மச்சான், இது என் வியாபார ரகசியம். திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள்.

ஆகவே கவலையை விடுங்கள். அடுத்த வாரம் குடிபோகிறோம். கூலிங் கிளாஸ் வாங்கியாயிற்று. அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லார் தலைக்கு மேலும் நீலவானம் நிலைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பி.கு: அண்ணா, தபாலில் போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். அவர் குறட்டை விட்டுக்கிட்டிருந்தப்ப நானும் அந்த வீட்டுக்கார அம்மாவும் மனசு விட்டுப் பேசினோம். மழை பெஞ்சா அந்த வீடு ஒழுகுமாம், சரியா அந்த நாற்காலிக்கு மேலயே. லிஃப்டும் கிடையாது. மறுநாளே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த அம்மாதான் வேற ஒரு இடம் காட்டினாங்க, சலவைக்கடைக்கு மேல ஒரு மாடி. வெயில் எட்டிக்கூடப் பாக்காது. ஆனா கீழ நாள் பூரா இஸ்திரி ஓடுதா, அந்தச் சூடு தரை வழியா ஏறி வருது. செருப்பைக் கழட்டிட்டு நின்னேன் பாருங்க அண்ணா, எத்தனையோ வருஷம் கழிச்சு என் பாதம் சுட்டுச்சு. அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டேன். இவர்கிட்ட இன்னும் சொல்லல. நல்லா வெயில் அடிக்கிற நாளாப் பாத்துச் சொல்லலாம்னு இருக்கேன்.