தொடக்கநிலையாளரின் தீர்ப்பு

மேகங்கள்கூட அனுமதி பெற்றே பொழிந்த பொன்னேரா நாட்டில், ஒரு பொருளைப் பற்றி எதுவும் அறியாதவர்தான் அதை மதிப்பிடலாம் என்பது சட்டம். அறிந்தவருக்குப் பாரபட்சம் வந்துவிடுமாம். எனவே பாலங்களைச் சமையற்காரர்கள் மதிப்பிட்டார்கள். சென்ற ஆண்டு இடிந்து விழுந்த பாலம் பதமாக இருந்ததாகவே குறிப்பில் உள்ளது.

அந்நாட்டு மன்னர் 'மலர்முகம்' என்றொரு மென்பொருளை வாங்கினார். கணினியைத் தொட்டறியாதவரும் படம், குரல், கேள்வி பதில் எல்லாம் சேர்த்து இணையப் பக்கம் செய்யலாம் என்றார்கள். விலை, நாட்டின் பன்னிரண்டு மாலைப் பள்ளிகள். விலை தகும் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லிவிட்டால் கட்டடங்கள் கைமாறும்.

பகலில் விதைக்கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த குழலி, மாலைப் பள்ளியின் கணினி வகுப்பில் சேர்ந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த அறியாமையே அவளுக்கு மதிப்பீட்டாளர் பதவியைத் தேடித் தந்தது.

"உன்னைப் போய் எடுத்திருக்காங்களே. மூணு தடவ பாக்காம நீ கதவுகூடப் பூட்ட மாட்டியே," என்றான் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரனான முத்தரசு.

"நாலு தடவ," என்றாள் குழலி. "நான் தப்பா சொல்லித் தொலைச்சா அப்புறம் நாம எங்கடா படிக்கிறது?"

மதிப்பீட்டாளர் தவறிப்போய் எதையும் கற்றுவிடாதிருக்க, தகவல் அமைச்சர் பேரருவியார் எல்லா மாலை வகுப்புகளையும் நிறுத்தினார். அடுத்த வாரம், குடிகளின் குறைகள் யாவும் மலர்முகம் வழியாகவே வர வேண்டும் என்று ஆணை பிறந்தது. பக்கத்தைத் திறந்தால் ஒரு பூ விரியும். இனிய குரலொன்று, "வாய்க்காலில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்கும். 'வந்தது', 'நிறைய வந்தது' என்று இரண்டு விடைகள். வறண்ட வயலில் நின்றவர்கள் மனச்சாட்சிக்கு அஞ்சி முதலாவதை அழுத்தினார்கள். தண்ணீர் போதும் என்று தெரியவந்ததால் மதகுகள் மூடப்பட்டன.

மூன்றாவது விடை எங்கோ இருக்கும், தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று குழலி நினைத்தாள். அரண்மனை தந்த கணினியில் ஒவ்வொரு பொத்தானையும் வரிசையாக அழுத்தி, என்ன நடந்தது என்று நோட்டில் எழுதினாள். நான்காம் சுற்றில், எவரும் திறந்திராத உதவிப் பக்கம் திறந்தது. அதை முழுவதும் படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள்.

தீர்ப்பு நாளன்று அவையின் சுவரில் அவள் செய்த பக்கம் விரிந்தது.

"சுருங்கக் கூறுக. விலை தகுமா, தகாதா?" என்றார் பேரருவியார்.

"மென்பொருள் நல்லாருக்குங்கய்யா. ஒண்ணுமே தெரியாத நானே அரை நாள்ல இந்தப் பக்கத்தச் செஞ்சுட்டேன். புதுசா கத்துக்கறவங்களுக்கு இலவசம்னு உதவிப் பக்கத்துலயே போட்டிருக்கு." அவள் குரல் நடுங்கியது. நோட்டைப் பார்த்துக்கொண்டாள். "பன்னெண்டு பள்ளிக்கூடமும் பூட்டுக்கான விலைங்க. அரண்மனைப் பக்கத்துல 'வரவில்லை'ங்கற விடைய யாரும் சேத்துடாம இருக்க, அரண்மனையே கேட்டு வாங்குன பூட்டுன்னு அதுலயே இருக்கு. இந்த விலை தகாதுங்கய்யா."

பேரருவியார் சட்டப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார்.

"உதவிப் பக்கத்தைப் படித்தமையால் இவர் அறிந்தவர் ஆகிவிட்டார். எனவே தகுதி இழந்தார். மலர்முகத்தைப் பற்றி எள்ளளவும் அறியாதோர் இந்த அவையில் எவரேனும் உண்டா?"

அமைச்சர்கள் அனைவரும் பெருமையுடன் கை உயர்த்தினார்கள். மன்னர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். விலை தகும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அப்போதுதான் சுவரில் ஓர் எண் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள். குழலியின் பக்கம் காலையிலிருந்தே நாடு முழுவதற்கும் திறந்திருந்தது. பள்ளிகளைக் கொடுக்கலாமா என்று அது கேட்டது. 'கொடுக்கலாம்', 'தாராளமாகக் கொடுக்கலாம்' என்ற விடைகளுக்குக் கீழே 'கூடாது' என்றும் ஒன்று இருந்தது. அதன் எதிரில்தான் எண் ஏறியது.

"அம்பதாயிரம் தாண்டிருச்சு, குழலி," என்று பின்வரிசையிலிருந்து முத்தரசு குரல் கொடுத்தான். வாசலுக்கு வெளியே யாரோ கைதட்ட, தெருவே சேர்ந்து தட்டியது.

"இதை உடனே நிறுத்துக," என்றார் பேரருவியார்.

அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உயர்த்திய கைகளை இன்னும் இறக்கியிருக்கவில்லை. கடைசியில் எல்லாக் கண்களும் குழலியை நோக்கித் திரும்பின.

அவள் நோட்டை மூடினாள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

"எனக்கு நிறுத்தத் தெரியுங்கய்யா. ஆனா தெரிஞ்சவங்களுக்குத்தான் தகுதி இல்லையே."