தப்பான பதிலுக்கு ஓர் 'உஷ்'

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் சத்தத்துக்கு ஜென்ம விரோதி என்று ஒருவர் உண்டென்றால் அவர் உஷ் சார்தான். சிதம்பரத்தில் ஒரு காலேஜில் லைப்ரரியன். சொந்தப் பேர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வீட்டுக்காரம்மாவுக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

நானோ சத்தத்தால் வாழ்ந்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆள், இன்றைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏசி போட்ட ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் என்றால் அதில் எவன் தயவும் கிடையாது. மாதா கோயில் தேரா, அம்மன் கோயில் தீமிதியா, கட்சிக் கூட்டமா, இந்தப் பக்கத்தில் என் மைக் பேசாத இடமில்லை. ஆகவே இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்குத்தான் தகுதி ஜாஸ்தி.

லைப்ரரி நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சைக்கிள் டியூபில் செருப்பு மாட்டியவர் அவர். தும்மல் வந்தால் வராந்தாவைத் தாண்டிப் போய்த் தும்மிவிட்டு வருவார். ஒருமுறை பண்ருட்டி பஸ்ஸில் டிரைவர் ஓயாமல் ஹாரன் அடிக்க, இவர் எழுந்து நீளமாக ஒரு 'உஷ்' விட்டிருக்கிறார். டயர் பஞ்சர் என்று பாதி ஜனம் இறங்கிவிட்டதாம்.

நான் அவரை முதலில் பார்த்தது திருவந்திபுரத்தில், ஒரு கல்யாணத்தில். முகூர்த்த நாளில் அங்கே கோயிலைச் சுற்றி வரிசையாகக் கல்யாணம்தான், கூட்டம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். மேளச் சத்தம் தாங்காமல் உஷ் சார் எழுந்து நின்று, தவில்காரரைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார். மண்டபத்தில் விரலை ஆட்டினால் என்ன அர்த்தம்? கெட்டிமேளம். பிடித்தார்கள் ஒரு பிடி. இவர் பதறிப்போய் இன்னும் வேகமாக ஆட்ட, அவர்கள் இன்னும் வேகமாக அடிக்க, பக்கத்துக் கல்யாணத்து மேளமும் சேர்ந்துகொண்டது. தாலியோ இன்னும் தட்டில் ஏறி ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அட்சதை முழுக்க விழுந்து தீர்ந்த பிறகு மாப்பிள்ளை வெறுங்கையோடு முழித்தார். நான் மைக்கில் சொல்லித்தான் நிறுத்த முடிந்தது. அப்புறம் அவர் என்னிடம் வந்து, காதோரமாக, "உங்க மைக்குதாண்ணே ரொம்ப சத்தம்" என்றார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் காலேஜ் தாளாளர் வீடியோ எடுக்கச் சொன்னார்.

காலேஜ் வெப்சைட்டில் 'ஆய்வு வழிகாட்டி' என்று ஒரு பக்கம் உண்டு. புராஜெக்ட் எழுதுகிற பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், நெட்டில் எப்படித் தேட வேண்டும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்றெல்லாம் உஷ் சார் லீவு நாளிலும் உட்கார்ந்து எழுதி வைத்தது. ஒரு பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை. வெறும் எழுத்தாக இருந்தால் யார் படிப்பார்கள், வீடியோ போடுங்கள், ஆடியோ போடுங்கள், தொட்டால் பதில் சொல்கிற மாதிரி க்விஸ் வையுங்கள், இந்த செமஸ்டருக்குள் கூட்டம் வரவில்லையென்றால் பக்கத்தையே எடுத்துவிடுவோம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மனிதர் கடலூர் பஸ் ஏறி நேராக என்னிடம் வந்தார். வேறு யாரிடம் போவார்?

காமிரா முன்னால் உட்கார வைத்தேன். உதடு அசைந்தது. மீட்டர் அசையவில்லை.

"சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"லைப்ரரி சமாச்சாரம்ணே. சத்தமா எப்படிப் பேசறது?"

"லைப்ரரி சிதம்பரத்துல இருக்கு சார். இது மஞ்சக்குப்பம்."

"பாக்குற பசங்க அங்க உக்காந்துதான பாப்பாங்க?"

ஏசியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, வாசலில் பலாச்சுளை விற்கும் அம்மாளைக் கெஞ்சி நகர்த்தி, என்னிடம் இருப்பதிலேயே உசத்தியான மைக்கை அவர் மீசைக்குக் கிட்டே வைத்தேன். புழுக்கத்தில் என் வேட்டி நனைந்தது. அவர் குசுகுசுவென்று ஆரம்பித்தார்: "முந்திரின்னு மட்டும் தேடாத. பாயாசந்தான் வரும். முந்திரி சாகுபடின்னு தேடு. அப்புறம் பண்ருட்டின்னு சேத்துக்க." ஏதோ புதையல் இருக்கும் இடத்தைச் சொல்வதுபோல் இருந்தது. இந்த வயதில் எனக்கே முந்திரி பற்றி ஒரு புராஜெக்ட் எழுதலாமா என்று தோன்றிவிட்டது.

கம்ப்யூட்டர் வேலை என் மருமகளுடையது. க்விஸ்ஸில் தப்பான பதிலைத் தொட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்தாள். உஷ் சாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அதெல்லாம் வேண்டாம், தப்பென்றால் தன் குரலில் ஒரு 'உஷ்' வந்தால் போதும் என்றார். பதிவு செய்தோம். சரியான பதிலுக்குச் சத்தமில்லாமல் ஒரு பச்சை டிக்.

பக்கத்தைத் திறந்ததும் கூட்டம் பிய்த்துக்கொண்டது. தாளாளர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். உஷ் சார் மட்டும் செத்த வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"மூடிடலாம்ணே."

"எத சார்?"

"பக்கத்த. ஒரு பய சரியா போடல. முந்திரிக் கேள்விக்கு அத்தினி பேரும் பாயாசத்தத் தொட்டிருக்காங்க. நான் சொல்லிக்குடுத்தது ஒருத்தனுக்கும் ஏறலண்ணே."

அவரே போய்த் தாளாளரிடம் எடுத்துவிடச் சொல்லப்போகிறாராம். அவசரப்பட வேண்டாம் என்று தடுத்து அனுப்பினேன். மறுநாள் சிதம்பரத்தில் ஒரு காதுகுத்துக்கு மைக் கட்டப் போனவன், காலேஜ் எதிரில் டீ குடிக்க உட்கார்ந்தேன். அடுத்த பெஞ்சில் பிள்ளைகள் போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். போன் 'உஷ்' என்றது. சிரிப்பு. மறுபடி 'உஷ்'. ஒரு பெண் சொன்னாள்: "பாயாசத்தத் தொடுடி. அதுக்குத்தான் சாரு நல்லா இழுத்து சொல்வாரு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போனேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை, உங்கள் உஷ்ஷைக் கேட்கத்தான் தப்பாகத் தொடுகிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

"அதுக்கு எதுக்குண்ணே தப்பாப் போடணும்? இங்க வந்தா ஓசியிலயே சொல்வனே."

அப்புறம் நாற்காலியை ஓசைப்படாமல் என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "அப்போ சரியா போட்டாத்தான் உஷ்ஷு. தப்பா போட்டா ஒண்ணும் கெடயாது. மருமகப் பொண்ணுகிட்ட மாத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான். உஷ் வேண்டுமானால் பதில் தெரிய வேண்டும். பதில் தெரிய வேண்டுமானால் வீடியோவை உட்கார்ந்து கேட்க வேண்டும். யோசனை அவருடையது. ஆனால் அந்த உஷ் அத்தனை துல்லியமாகக் கேட்டது என் மைக்கால் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

செமஸ்டர் முடியும் நேரத்தில் தாளாளர் லைப்ரரிக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். மேஜைக்கு மேஜை உஷ், உஷ் என்று பாம்புப் புற்று மாதிரி இருந்தது அந்த இடம். உஷ் சாருக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்று, தன் வாயாலேயே பெரிதாக ஒரு 'உஷ்' விட்டார். கடைசி மேஜையில் ஒரு பையன் துள்ளிக் குதித்தான்: "மச்சான், எனக்கு கரெக்டு."

பக்கம் தப்பித்தது. மற்ற பாடங்களுக்கும் வீடியோ எடுக்கச் சொல்லித் தாளாளர் உத்தரவு போட்டுவிட்டார். அதைப் பற்றிப் பேச உஷ் சார் அடிக்கடி போன் செய்கிறார். போனிலும் அதே குசுகுசுதான், பாதி காதில் விழாது. அவர் நம்பர் வந்தால் ஸ்டுடியோவில் எந்தப் பாட்டு ஓடினாலும் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.