இருபது லட்சம் எடுத்த சனிக்கிழமை

வெளிநாடு போய்வந்தவர்கள் எல்லாரும், வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து போட்டோ காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. என்னுடைய ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், சுமதி சிரிக்க ஆரம்பித்துவிடுவாள், அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார், நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வேன். சுமதி என் மனைவி. கூடவே வந்து எல்லாவற்றையும் பார்த்தவள் என்பதால் சிரிக்கிற உரிமை அவளுக்கு முழுசாக உண்டு.

ஓடைப்பட்டியில் எங்களுக்கு உரக்கடை. பூச்சிமருந்தும் விற்கிறோம். 2010-ல் ஒரு மருந்துக் கம்பெனி, சரக்கு அதிகம் எடுத்த கடைக்காரர்களை மனைவியோடு வியட்நாமுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தது. அந்த வருஷம் பார்த்துத் திராட்சைக்குச் சாம்பல் நோய் கடுமையாக வந்தது. மருந்து பறந்தது. நானும் பறக்கிற ஆட்களில் ஒருவனாகிவிட்டேன். (ஊருக்கெல்லாம் நோய், இவனுக்கு மட்டும் பிளேன் டிக்கெட்டா என்று கேட்காதீர்கள். எங்கள் தோட்டத்துக்கும்தான் நோய் வந்தது, நாங்களும் எங்கள் கடையில்தான் மருந்து வாங்கினோம்.)

தோட்டம் என்றால் அது அப்பாவின் தோட்டம். கல் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டதிலிருந்து ஒவ்வொரு கொடியும் அவர் கை பட்டு வந்தது. கடையை என்னிடம் விட்டாரே தவிர, தோட்டத்தில் என்னை ஒரு கிளையை வெட்டக்கூட விட்டதில்லை. "நீ கவாத்துப் பண்ணுனா கொடி பயந்துரும்" என்பார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கம்பத்தில் கடை வைத்திருக்கும் ஹனீபா பாய் போன் செய்தார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

"தம்பி, மதுரையில ஒருத்தரு டாலர் மாத்தித் தாராரு. ஒங்களுக்கும் சேத்து வாங்கிரவா?"

"என்ன பாய், இன்னமும் காச மடியில கட்டிக்கிட்டு அலையிறீக? எங்கிட்ட கார்டு இருக்கு. உலகத்துல எந்த மிசின்ல சொருகினாலும் கொட்டும்."

"கொட்டுனா சந்தோசம்தான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

நான் அதுவரை சின்னமனூரில் இருந்த ஒரே ஒரு ஏ.டி.எம்.மைத் தாண்டி வேறெந்த மிசினிலும் கார்டைச் சொருகியதில்லை. இருந்தாலும் பேச்சு அப்படித்தான் வந்தது. அந்த வயதில் எனக்கு வாய்தான் முன்னால் போகும், ஆள் பின்னால் வந்து சேருவேன்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார்டு கடைக் கணக்குக்கு உரியது. கணக்கு அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்தது. பணம் எடுத்தால் மெசேஜ் போகிற நம்பர் அப்பாவுடையது. "காசு அசைஞ்சா எனக்குத் தெரியணும்" என்று பேங்கில் அடம்பிடித்துத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் எண்கள் அத்துப்படி. என் போன் வெளிநாட்டில் வேலை செய்யாது, நாலு நாளைக்கு என்னைக் கூப்பிட முடியாது என்று சொன்னதற்கு, "பெருசா என்ன நடந்துறப் போகுது, போயிட்டு வா" என்றார்.

வியட்நாமில் இறங்கியதும் வழிகாட்டிப் பெண் பஸ்ஸில் மைக் பிடித்து அந்த ஊர்ப் பணத்தைப் பற்றி விளக்கினாள். சுமதி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக மோட்டார் சைக்கிள்களை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள். நான் சுமதியை அழைத்துக்கொண்டு ஏ.டி.எம்.முக்குப் போனேன். சின்னமனூர் மிசினில் கார்டைச் சொருகி உடனே உருவிவிட வேண்டும். இந்த மிசினோ கார்டை லபக்கென்று உள்ளே இழுத்தது. நான் விடுவேனா? நகத்தால் பிடித்து இழுத்தேன். அது இழுத்தது, நான் இழுத்தேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"ஏங்க, விடுங்க. எல்லாரும் பாக்காக" என்றாள் சுமதி.

விட்டேன். திரையில் தொகைகள் வந்தன. இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம், இருபது லட்சம்.

"என்ன சுமதி இது, ஊரையே விக்கிறாகளா?"

"பஸ்ஸுல அந்தப் புள்ள அம்புட்டு நேரம் என்ன சொல்லுச்சு? இருபது லட்சம்னா நம்ம காசுக்கு அஞ்சாயிரத்துக்கும் கம்மி. அமுக்குங்க."

அமுக்கினேன். நோட்டுகள் வந்தன, கார்டும் பத்திரமாக வெளியே வந்தது. இருபது லட்சம்! வாழ்க்கையில் முதல்முறையாக அவ்வளவு பெரிய எண்ணைக் கையில் பிடித்தேன். நோட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து சுமதியை போட்டோ எடுக்கச் சொன்னேன். இளநீர் குடித்து ஐம்பதாயிரம் நோட்டை நீட்டினேன். அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் என்னைவிட சந்தோஷமான மனிதன் கிடையாது.

அதே சமயத்தில் ஓடைப்பட்டியில் அப்பாவின் போன் 'டிங்' என்றது.

அங்கே நடந்ததை எங்கள் கடையில் கணக்கு எழுதும் ராசு பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணியிருக்கிறார். திரும்ப எண்ணியிருக்கிறார். பிறகு போனை ராசுவிடம் நீட்டியிருக்கிறார்.

"ஏலே ராசு, ரெண்டுக்குப் பின்னாடி எத்தன சைபரு?"

"ஆறு மொதலாளி. இருபது லட்சம்."

"நம்ம கணக்குல கெடக்குறதே நாலு லட்சம்தானடா. இருபது எப்பிடிறா எடுத்தான்?"

எண்ணுக்கு முன்னால், அது வியட்நாம் காசு என்று காட்ட இருந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தைப் பற்றி அப்பா கேட்டதற்கு, அது பேங்க் கோடு என்று ராசு துணிந்து சொல்லியிருக்கிறான். (பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் பெயிலானவன். இன்றைக்கும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறான்.) மேற்கொண்டு, "பழைய கஸ்டமர்னு மிச்சத்தக் கடனாக் குடுத்துருப்பாக மொதலாளி" என்று ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறான்.

அப்பாவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. என் மகன் ஊதாரி இல்லை, அவனாக இவ்வளவு எடுக்க மாட்டான், எவனோ பிடித்துவைத்துக் கழுத்தில் கத்தியை வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறான். இதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. சனிக்கிழமை அரை நாளோடு பேங்க் பூட்டியாகிவிட்டது. பாஸ்புக்கில் இருந்த நம்பருக்கு ராசு போன் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒரு பெண் எடுத்து, கார்டு தொலைந்துவிட்டதா சார் என்று கேட்டிருக்கிறது.

"மகனே தொலஞ்சு நிக்கிறான், கார்டு என்னம்மா கார்டு! இனி ஒரு பைசா போகப்பிடாது, நிறுத்து!"

அந்தப் பெண்ணும் விவரம் கேட்டு நிறுத்திவிட்டது.

கார்டை நிறுத்திய பிறகுதான் அப்பாவுக்கு வேறு பயம் வந்திருக்கிறது. காசு வராவிட்டால், பிடித்துவைத்தவர்கள் பையனையும் மருமகளையும் என்ன செய்வார்களோ? திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் பதினாறு லட்சம் எங்கே என்று கேட்பார்களே? அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

இது எதுவும் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கையில் இருந்த இருபது லட்சமும் பட்டுத் துணியாகவும் மரப்பெட்டியாகவும் மாறியிருந்தது. கார்டைப் பற்றி நான் அளந்திருந்ததை வைத்து, கூட வந்த கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள், கார்டு கொட்டுதா என்று கேட்டார்கள். எனக்கு வாய் முன்னால் போய்விட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்கு மத்தியானம் பூராப் பேருக்கும் நம்ம சாப்பாடு!"

பஸ்ஸே கைதட்டியது. சுமதி என் தொடையில் கிள்ளிய இடம் ஊருக்குத் திரும்பிய பிறகும் கன்றிப்போய் இருந்தது.

நம் ஊர்ச் சமையல் கிடைக்கிற ஒரு ஓட்டல். பஸ் கொள்ளாத ஜோடிகள். மூன்று நாளாக நூடுல்ஸ் தின்று நொந்துபோயிருந்தவர்கள் பிரியாணியைப் பார்த்ததும் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். பில் முப்பத்தெட்டு லட்சம். இரண்டு தடவை எடுத்தால் தீர்ந்தது என்று எழுந்து, பக்கத்திலேயே இருந்த ஏ.டி.எம்.முக்குப் போனேன். முதல் நாள் பாடம் கற்றிருந்தேன் அல்லவா, இந்த முறை இழுபறி எதுவும் செய்யாமல் கார்டை மரியாதையாக ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றேன். மிசின் கார்டை விழுங்கியது. ஏதோ எழுதிக் காட்டியது. பிறகு, அடுத்த ஆளை வரவேற்கிற படத்தைப் போட்டுவிட்டது.

நான் மிசினைத் தட்டினேன். தடவினேன். ஓட்டையில் வாயை வைத்து ஊதிக்கூடப் பார்த்தேன். (ஏன் ஊதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

திரும்பி ஓட்டலுக்குள் போனபோது ஐஸ்கிரீம் ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே சுமதிக்கு விளங்கிவிட்டது. "மாமாவுக்குப் போன் போடுங்க. பேங்குல கேட்டுச் சொல்லுவாக" என்றாள். வெளிநாட்டிலும் வேலை செய்கிற போன் ஹனீபா பாயிடம்தான் இருந்தது. கேட்டேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் கொடுத்தார்.

தெரியாத நம்பர் என்றாலும் முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரல், காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி உரக்க, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அய்யா சாமி! காசு ரெடி ஆகிக்கிட்டு இருக்குதுய்யா! எம் மகனையும் மருமகளையும் ஒண்ணும் பண்ணிராதீக! தோட்டத்த வித்துக் குடுத்துர்றேன்! ஆள் வந்து பாத்துக்கிட்டு இருக்காக!"

அப்பா யாரையும் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை.

"அப்பா, நான்தான் செந்திலு."

"ஏலே, உசுரோட இருக்கியாடா?" என்று கேட்டுவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியாமலே. சுமதி போனைப் பிடுங்கிக் கேட்டாள். பாதி கேட்டதுமே பிடி கிடைத்துவிட்டது அவளுக்கு.

"மாமா, அது இந்த ஊருக் காசு மாமா! நம்ம காசுக்கு வெறும் அஞ்சாயிரம்! எங்களுக்கு ஒண்ணும் இல்ல, பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்!"

போன் என் கைக்கு வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அஞ்சாயிரமா?"

"ஆமாப்பா."

"அஞ்சாயிரம் எடுக்கவாடா அம்புட்டுத் தூரம் போன? சின்னமனூர்லயே எடுத்துருக்கலாம்ல!"

பிறகு போனை அணைக்க மறந்து, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "முருகேசா, தோட்டம் இல்லடா. நீ கெளம்பு."

முருகேசன் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ரொம்ப நாளாக எங்கள் தோட்டத்தின் மேல் கண் அவருக்கு. அன்று காலையில் அப்பாவே அவரைக் கூப்பிட்டு, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "பாதி வெலையா மாமா?" என்று அவரே திகைத்துப்போய்க் கேட்டாராம். "புள்ள உசுர வச்சிக்கிட்டு வெல பேசச் சொல்றியா?" என்றாராம் அப்பா. போன் வந்தபோது முருகேசன் அட்வான்ஸ் பணத்தை மடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். ஐஸ்கிரீம் கரைவதற்குள் நான் போன் செய்ததால் தோட்டம் தப்பியது.

பில்லுக்கு ஹனீபா பாய் தொப்பியைக் கழற்றி ஏந்தி, மேசை மேசையாகப் போனார். "நம்ம தம்பி இன்னைக்கு நமக்கெல்லாம் விருந்து வைக்கிறாரு, ஆளுக்கு அஞ்சு டாலர் போடுங்க" என்று சொல்லித்தான் வசூலித்தார். மிச்சம் வந்ததில் எனக்கே ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று அவர்கள் சிரித்த சிரிப்பை மட்டும் இன்னும் திருப்பி வாங்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று அப்பா தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அந்தக் கத்திரிய எடு. இந்த வரிசைய நீ வெட்டு" என்றார். அவ்வளவுதான். பந்தலுக்கடியில் நின்று அன்று நான் வெட்டியதைப் போல நிம்மதியாக ஒரு வேலையும் செய்ததில்லை. மறுநாள் அவர் அதே வரிசையைத் திரும்ப வெட்டினார் என்பது வேறு விஷயம்.

இப்போது அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். மருந்து அடிக்க ஒரு நாள் பிந்திவிட்டால் போதும், வரப்பில் நின்று சத்தம் போடுவார்.

"அன்னைக்கே தோட்டத்த வித்துக் காச வாங்கிப் போட்டுட்டு, இவன அங்கனயே விட்டுருக்கணும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் இதற்காகவே காத்திருக்கிற முருகேசன், வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டுவார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல மாமா. அதே வெலைதான!"

அப்பா குனிந்து மண்ணாங்கட்டி ஒன்றைத் தேட ஆரம்பிப்பார். முருகேசன் சிரித்துக்கொண்டே ஓடுவார்.