மொதல்லயும் நாலரை மணி பஸ்ஸும்

தீப்பிடித்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மொதல்ல எந்த ரூமை அணைக்கணும்? கை தூக்குங்க" என்று கேட்கக்கூடிய ஒரே ஜீவன் இந்த உலகத்தில் எங்கள் மொதல்லதான். அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை வாசித்தால் அவளே சில நாள் 'பிரசன்ட்' சொல்ல மறந்துவிடுவாள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரமாக எங்கள் கல்லூரி. நான் ராஜபாளையம். அவள் சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கேன்டீனில் உட்கார்ந்தால், "ஏட்டி கலா, மொதல்ல டீயா, வடையா?" என்று ஆரம்பித்துவிடுவாள். வடையை முதலில் தின்றால் அந்தக் காரத்துக்கு டீ நாக்கைப் பொசுக்கும். டீயை முதலில் குடித்தால் வடைக்குத் துணையில்லை. அவள் முடிவுக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். வடையை நான் தின்றிருப்பேன். ஒரு பரீட்சையில் எந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுவது என்று வரிசைப்படுத்தவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மேற்பார்வைக்கு வந்த மேடம் எட்டிப் பார்த்து, வரிசை அருமையாக இருக்கிறது என்றாராம். மார்க்குதான் வரவில்லை.

இப்பேர்ப்பட்டவளை எங்கள் மாணவர் மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கினோம். வேறு யாரும் போட்டியிடவில்லை. தலைவர், கெமிஸ்ட்ரி சதீஷ். நான் துணைச் செயலாளர். அதாவது அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறவள்.

அந்த வருஷம் என்னென்ன நிகழ்ச்சி நடத்துவது என்று கூட்டம் போட்டோம். அதுவரைக்கும் இருந்த முறை ரொம்பச் சுலபம். யார் தொண்டை பெரிதோ, அவர் கேட்ட நிகழ்ச்சி. சதீஷுக்குத் தொண்டை பெரிது.

"டி.ஜே. வைக்கோம். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்றான்.

"ஏலே, நீ ஒருத்தன் சொன்னா ஆச்சா? எல்லாரையும் கேக்கணும்" என்று எழுந்தாள் மொதல்ல.

கேட்டாள். டூர், ரத்ததான முகாம், கோலப்போட்டி, கேன்டீன் சாம்பார் மீது விசாரணைக் கமிஷன் என்று கரும்பலகை நிரம்பி, சுவரிலும் எழுத வேண்டி வந்தது. அதில் ஆறைப் பொறுக்கி எடுத்து, ஆறு காலி பால்கோவா டப்பாக்களில் பேர் ஒட்டினாள். ஏழாவது டப்பாவில் 'மற்றவை'. எல்லாவற்றையும் நூலக வாசலில் அடுக்கிவைத்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்தாள். எது முக்கியமோ அந்த டப்பாவில் போடலாம்.

எண்ண உட்கார்ந்தபோது டி.ஜே. டப்பா நிரம்பி வழிந்தது. போதாததற்கு அதன் பக்கத்தில் ஒரு மஞ்சப்பை முட்ட முட்டக் கொட்டை. கல்லூரியின் தூணும் தண்ணித்தொட்டியும் சேர்ந்து ஓட்டுப் போட்டிருந்தாலும் அம்புட்டு வந்திருக்காது. சதீஷின் மாமா புளி மொத்த வியாபாரி என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"மக்கள் தீர்ப்பு" என்றான் சதீஷ், அடக்கமாக.

மொதல்லயோ அசரவில்லை. "நான் குடுத்த கொட்டை பூரா நேத்தே வீட்டுல வறுத்தது. பச்சையா இருக்கிறதெல்லாம் கள்ள ஓட்டு. பிரிங்க."

பிரித்தோம். சந்தேகமாக இருந்த ஒன்றை யாரோ கடித்துப் பார்த்தார்கள். வறுத்ததுதான். ருசியாகவும் இருந்தது. உறுதிசெய்துகொள்ள இன்னொன்று. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் நீதி தவறக் கூடாதென்று ஆளுக்கொன்று எடுத்தோம். செத்த நேரத்தில் நல்ல ஓட்டெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது. மேஜையில் மிஞ்சியது பூராவும் கள்ள ஓட்டு.

"தேர்தல் செல்லாது" என்று அறிவித்தாள் செயலாளர், கடைசிக் கொட்டையை மென்றுகொண்டே.

டப்பாக்களைக் கவிழ்த்து ஒதுக்கும்போதுதான் 'மற்றவை'யிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. 'சாயங்கால பஸ்' என்று மட்டும் சின்ன எழுத்தில். பேர் இல்லை. இரண்டு நாள் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், "இது யாரு கையெழுத்து?" என்று விசாரித்தாள். கடைசியில் கெமிஸ்ட்ரி முதல் வருஷத்தில் ஜெரினா என்ற பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். வ. புதுப்பட்டியிலிருந்து வருகிறவள்.

"லேப் முடிய நாலே முக்கா ஆகுதுக்கா. எங்க பஸ்ஸு நாலரைக்குப் போயிருது. அடுத்ததப் புடிச்சா வீட்டுக்குப் போக இருட்டிருது. இந்த செமஸ்டரோட நின்னுக்கோன்னு அத்தா சொல்லிட்டாவ."

அவளைப் போல எம்புட்டுப் பேர் என்று கேட்டால், பதினோரு பேர் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

அடுத்த கூட்டத்தில் பட்டியலின் உச்சியில் அந்த பஸ் ஏறியது. சதீஷ் குதித்தான். "பஸ் விடுறது மன்றத்து வேலையா?"

"டி.ஜே. ஒரு நாள் கூத்து. அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசப் படிப்பு கெடக்கு. மொதல்ல எதுன்னு நீயே சொல்லு."

அவன் பட்டியலை வாங்கி, டி.ஜே. எத்தனையாவது என்று தேட ஆரம்பித்தான்.

நாலரை பஸ்ஸைக் கொஞ்சம் பிந்தி விடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நானும் அவளும் டெப்போவுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனுஷர். உட்காரச் சொல்லி, முழுசாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அந்த வண்டியிலதான் மில்லு ஷிப்ட்டு முடிஞ்ச பொம்பளைங்க வீட்டுக்குப் போறாங்க. பொழுதன்னைக்கும் நின்ன காலோட நின்னவங்க. வண்டிய லேட்டாக்கினா அவங்க ரோட்டுல நிக்கணும். நீயே சொல்லு, மொதல்ல யாரு? அவங்களா, நீங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியை இன்னொருவர் அவளிடம் கேட்டுவிட்டார். மனுவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். திரும்பும் வழி பூராவும் அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக வந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கத்தினாள்: "ஏட்டி, பஸ்ஸை ஏன் மாத்தணும்? லேபை மாத்துவோம்!"

மத்தியான இடைவேளையில் இருபத்தைந்து நிமிஷத்தைக் குறைத்தால் லேப் நாலு இருபதுக்கு முடிந்துவிடும். துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார். ஆனால் துறையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஹாஸ்டல் பையன்களிடம் சாப்பாட்டு நேரத்தைக் கேட்பதும் சிங்கத்திடம் கறியைக் கேட்பதும் ஒன்று. சாப்பிட்டுவிட்டு அவர்கள் போடும் குட்டித் தூக்கம் வேறு இருக்கிறது. ஒரு வாரம் விடாமல் மெஸ் வாசலில் தாளும் பேனாவுமாக நின்றாள். சோறு விக்கினால் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். எல்லாரும் போட்டார்கள், சதீஷைத் தவிர.

"போடுதேன். டி.ஜே.ய ரெண்டாவதா போடு."

"நாலாவது."

"ரெண்டு."

"ரெண்டாவது ரத்ததானம். வேணும்னா மூணு."

சதீஷ் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்குச் சோறு திங்க பத்து நிமிசம் போதும். சும்மாதான் முறுக்கிக்கிட்டு இருந்தேன்" என்றான். பக்கத்தில் நின்ற ஜெரினா சட்டென்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டி.ஜே.யும் நடந்தது. பட்டப்பகல் வெயிலில், சாமியானாவுக்குக் கீழே, ஒரே ஒரு ஸ்பீக்கரோடு. மொதல்லயும் ஆடினாள். கொடியில் ஈரத்துணி காயப்போடுகிற மாதிரி இருந்தது.

ஜெரினா படிப்பை முடித்துவிட்டாள். மொதல்ல இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் இருக்கிறாள். கட்டுக்கட்டாகக் கேஸ் ஃபைல்களை வைத்துக்கொண்டு வக்கீலைப் படுத்துகிற பாட்டை அவரே என்னிடம் சொல்லி அழுதார். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். ராஜபாளையத்தில் ஏறினால் நேரே மதுரையில் இறங்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுகிறேன்.