கயித்துல கை வெச்ச ஊர்

நீங்க ஊர்ல உள்ள எல்லாரையும் ஒரு வேலைக்கு வாங்க எண்டு கூப்பிட்டு, அவங்க எல்லாரும் மெய்யாவே வந்து நிண்ட கொடுமைய அனுபவிச்சிருக்கீங்களா?

நான் அனுபவிச்சன். கல்முனைப் பக்கம் வந்து "அஸ்மி" எண்டு கேட்டா ஒருத்தருக்கும் விளங்காது. "கறிமீன் அஸ்மி" எண்டு கேளுங்க. வீட்டு வாசல் மட்டும் கூட்டி வந்து விட்டிட்டு, வழியில முழுக் கதையையும் சொல்லி முடிச்சிருவாங்க. அவங்க சொல்றதுல பாதி கூட்டிக் கதைக்கிறது. அதான் நானே எழுதுறன். (என்ட மானத்த நானே வாங்கினா செலவு குறைவு.)

அப்ப நான் கெம்பஸ் முடிச்சு ஊருக்கு வந்த புதுசு. மார்க்கெட்டிங் டிகிரி. வேலை இல்ல. வேலை இல்லாத பட்டதாரிக்கு எங்கட ஊர்ல ரெண்டே பதவிதான். ஒண்டு சொப்ட்போல் டீம் மெனேஜர், மத்தது சேவைக் கழகத் தலைவர். டீம்ல என்ன எடுக்கல்ல. அதால தலைவர். ரத்ததானம், கண்ணாடி குடுக்கிறது, கடற்கரை துப்பரவாக்கிறது எண்டு எல்லாம் செஞ்சம். துப்பரவாக்கின அண்டைக்குப் பொறுக்கின குப்பையவிட எடுத்த போட்டோ கூட.

அப்பதான் ஹஸீனா டீச்சர் வந்தா. கடற்கரை ரோட்டுல பாலர் பாடசாலை நடத்துறவ. எனக்கும் என்ட செட் முழுக்கவுக்கும் "ஆனா" எழுதப் பழக்கினது அவதான். போன மாரிக் காத்துல பாடசாலைக் கூரை பறந்து போய், நீலப் படங்கு கட்டிப் பிள்ளைகள இரித்தி வெச்சிருந்தா. இப்ப ஒரு ஒபிசர் வந்து பார்த்திட்டு, மழைக்கு முன்னுக்குக் கூரை போடாட்டி பூட்டச் சொல்லிட்டாராம்.

"அஸ்மி, நீ தலைவராமே?" எண்டு கேட்டா.

"ஓம் டீச்சர்."

"எதுக்குத் தலைவர்?"

"சேவைக்கு."

"அப்ப செய்."

அவ்வளவுதான். போயிட்டா. எங்களுக்கு இரிந்தது ஒண்டரை மாசம்.

பிரியாணி விக்கலாம் எண்டான் பர்ஹான். இவன் எங்கட கழகத்துச் செயலாளர், பொருளாளர், ட்ரோன்காரன் எல்லாம். ஊர்ல எல்லாரும் பிரியாணிதான் விக்கிறாங்க, தின்ன ஆள் இல்ல எண்டு நான் தட்டிட்டன். யோசிச்சு யோசிச்சு ரெண்டு பேரும் வலை முதலாளி ஹனீபா காக்காட்டப் போனம். கரைவலைக்காரர். தோணில வலையக் கொண்டு போய்க் கடல்ல வளைச்சுப் போட்டு, கரையில நிண்டு ரெண்டு பக்கமும் கயித்த இழுக்கிற வலை. ஆள் கதைக்கிறது குறைவு, மனசு பெருசு.

"சனிக்கிழமை ஒருக்கா வலை போட்டு இழுக்கிற பாடு உங்களுக்கு விடுறன் தம்பி," எண்டார். "வேலைக்காரன்ட பங்கு அவனுக்கு. என்ட பங்கு முழுக்கக் கூரைக்கு. லொறிக்காரனுக்குக் கரையிலயே வித்துக் காச எடுங்க. எத்தின பேர் வருவீங்க?"

"கழகத்துப் புள்ளைகள் மட்டும்தான் காக்கா."

"அப்பச் சரி."

இந்த "அப்பச் சரி"ய நான் நிண்டு கேட்டிருக்கணும். என்ன காக்கா, எதுக்கு அப்பச் சரி எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல்ல. எங்கட வீடு மெயின் ரோட்டுக்கு மேற்குப் பக்கம். வாப்பா சவளக்கடையில வயல் செய்றவர். கடல் நடந்து போற தூரத்துல இரிந்தாலும் எனக்குக் கடல் எண்டா செல்பி, மீன் எண்டா பீங்கான்ல கிடக்கிற சாமான். அதுக்கு நடுவுல என்ன நடக்கும் எண்டு ஒரு மண்ணும் தெரியாது.

வீட்ட வந்தா என்ட மார்க்கெட்டிங் மூளை சும்மா இரிக்குமா? அஞ்சாறு பேர் கயிறு இழுத்தா அது வேலை. ஊரே இழுத்தா அது ஈவன்ட்! உடனே போஸ்டர் அடிச்சன். "வாருங்கள்! வலை இழுப்போம்! கூரை போடுவோம்! நீங்களும் கயிற்றில் கை வையுங்கள்!" எண்டு பெரிய எழுத்துல போட்டு, கீழ "அனுமதி இலவசம்". அதையும் கூட பெருசா. பேஸ்புக், வட்சப், டியூசன் குறூப், மாமிமார்ர சமையல் குறூப், ஒண்டும் விடல்ல. பர்ஹான் ட்ரோன் வீடியோ போட்டு பின்னால முரசு சத்தமும் சேர்த்தான். இரவுக்குள்ள போஸ்டர் என்ட போனுக்கே பத்துப் பக்கத்தால திரும்பி வருது. எனக்குச் சந்தோசத்துல நித்திரை இல்ல மச்சான்!

சனிக்கிழமை சுபஹு தொழுதிட்டுக் கடற்கரைக்குப் போறன், யா அல்லாஹ்! திருவிழாக் கூட்டம் தோத்துது. ரெண்டு கிரிக்கெட் டீம். டியூசன் கிளாஸ் ஒண்டு படிப்பிக்கிற சேரோட. பாண்டிருப்புல இரிந்து கெம்பஸ் கூட்டாளிமார் ஒரு வேன் நிறைய. பிள்ளையத் தூக்கின ராத்தாமார். வீல்சேர்ல ஒரு வயசான அப்பா. எல்லார்ட கையிலயும் ஒவ்வொரு சொப்பின் பேக். (அந்த பேக் எதுக்கு எண்டு நான் அப்பவே யோசிச்சிருக்கணும். நான் நினைச்சன் செருப்பு வைக்கவாக்கும் எண்டு.)

ஹனீபா காக்கா கூட்டத்தப் பார்த்தார். மறுகா என்னப் பார்த்தார்.

"தம்பி, கழகத்துல இவ்வளவு பேரா?"

"ஊரே கழகம்தான் காக்கா!" எண்டு ஸ்பீக்கர்ல கத்தினன். கூட்டம் கை தட்டிச்சு. அவர் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சார்.

தோணி வலையப் போட்டிட்டுக் கரைக்கு வந்திச்சு. இழுக்கத் தொடங்கினம். சொன்னா நம்ப மாட்டீங்க, அப்பிடி ஒரு எடுப்பு! ரெண்டு கயித்துலயும் சனம் கடல்ல இரிந்து ரோடு மட்டும். நான் ஸ்பீக்கரோட நடுவுல ஓடித் திரியிறன். "கை வெக்காத ஆள் இரிக்கா? வாங்க, வாங்க, வந்து கை வைங்க!" வெக்கத்துல ஒதுங்கி நிண்டவங்களையும் கையப் பிடிச்சு இழுத்து வந்து கயித்துல வெச்சன். வீல்சேர் அப்பாவுக்குக் கயித்து நுனிய மடியில வெச்சன். ஐஸ்பழம் விக்க வந்தவன் பாத்துக்கிட்டு நிண்டான். அவனையும் விடல்ல.

அந்த நேரம் பார்த்து ஹஸீனா டீச்சர் முழுப் பாடசாலையையும் வரிசையாக் கூட்டி வந்தா. சீருடையோட. சின்னச் சின்ன வாண்டுகள். "நன்றி" எண்டு எழுதின மட்டை வேற. நான் விடுவனா? "டீச்சர், பிள்ளைகளையும் கயித்துல கை வெக்கச் சொல்லுங்க, போட்டோ சும்மா அள்ளும்!" எண்டன். வெச்சாங்க. பர்ஹான்ட ட்ரோன் மேல சுத்துது.

வலை கிட்ட வந்தாப்போல தண்ணி வெள்ளி வெள்ளியாத் துள்ளிச்சு. கீரிமீன், சூடைமீன், நடுவுல பாரைக்குட்டி. வலை மடி நிறைய! சனம் போட்ட கூச்சல்ல காகம் எல்லாம் எழும்பிப் பறந்திச்சு. நான் பர்ஹானக் கட்டிப் பிடிச்சு, "மச்சான், கூரை மட்டுமில்லடா, ஃபேனும் போடுறம்!" எண்டன். லொறிக்காரங்க ரெண்டு பேரும் ஐஸ் பெட்டியத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்ட கண்ணுக்கு மீன் தெரியல்ல. புதுத் தகரம்தான் தெரியுது.

வேலைக்காரங்க தங்கட பங்கப் பிரிச்சு எடுத்தாங்க. மறுகா ஹனீபா காக்கா மிச்சத்துக்குப் பக்கத்துல குந்தினார். கூட்டம் தானா லைன் கட்டிச்சு. சொப்பின் பேக் எல்லாம் வாயத் திறந்திச்சு.

"என்ன காக்கா, எதுக்கு லைன்?"

"கறிக்கு மீன்."

"ஆருக்கு?"

"கயித்துல கை வெச்சவனுக்கெல்லாம் கறிக்கு மீன் குடுக்கணும் தம்பி. எங்கட கடற்கரையில அதுதான் வழக்கம். வாப்பாட காலத்துல இரிந்து குடுக்கிறம்."

எனக்குக் கால் மணலுக்குள்ள புதைஞ்சிட்டு. "காக்கா, இது கூரைக்கு வெச்ச மீன்! இண்டைக்கு மட்டும் குடுக்காம விடேலாதா?"

"இண்டைக்குக் குடுக்காட்டி நாளைக்கு என்ட கயித்த ஆரு பிடிப்பான்?" எண்டு கேட்டிட்டு, முதல் ஆளுட பேக்குக்குள்ள ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டார். "நான் கேட்டனே தம்பி, எத்தின பேர் எண்டு."

ஸ்பீக்கரத் தூக்கினன். "அன்பான சகோதர சகோதரிகளே! இது சேவை! தயவு செஞ்சு மீனக் கேக்காதீங்க!"

லைன்ல நிண்ட ஒரு ராத்தா இடுப்புல பிள்ளையோட முன்னுக்கு வந்தா. "அப்ப என்னத்துக்கு எங்களக் கயித்தப் பிடிக்கச் சொன்ன?"

"அது… ஒரு அனுபவத்துக்கு ராத்தா."

"அனுபவத்த ஆணத்துல போட்டா ருசிக்குமா? கை உரிஞ்சு போய்க் கிடக்கு. பேச்ச விட்டிட்டுத் தள்ளு தம்பி, வெயில் ஏறுது."

கூட்டம் சிரிச்ச சிரிப்பு சாய்ந்தமருதுக்குக் கேட்டிருக்கும். சரி, என்ட ஆக்களாவது எனக்குத் துணை நிப்பாங்க எண்டு திரும்பிப் பார்த்தா, லைன்ல என்ட உம்மா நிக்கிறா. ரெண்டு பேக்கோட!

"உம்மா! நீங்களுமா!"

"நான் கடற்கரைப் பக்கம் பொறந்தவடா. உரிமைய விடுவனா? ஒண்டு எனக்கு, மத்தது உன்ட தங்கச்சிக்கு. அவளும் கை வெச்சவள்தானே."

ஐஸ்பழக்காரன் வாங்கினான். வீல்சேர் அப்பா வாங்கினார். கூட்டாளிமார் வேனுக்குள்ள மீன் மணக்க மணக்க ஏறினாங்க. லொறிக்காரங்க ஐஸ் பெட்டிய மூடினாங்க. குவியல் கரைஞ்சு கரைஞ்சு கடைசில மணலோட ஒட்டின கொஞ்சம் கீரி மட்டும் மிச்சம். அதையாவது தாங்க எண்டு கைய நீட்டினன். ஹனீபா காக்கா என்ட கையத் தாண்டி அங்கால பார்த்தார்.

"பிள்ளைகளும் கை வெச்சதுதானே."

மெய்தான். நான்தானே வெக்கச் சொன்னன், போட்டோ அள்ளும் எண்டு. ஆருக்குக் கூரை போடப் போனமோ அதே பிள்ளைகள் வரிசையா வந்து, ஆளுக்கொரு மீன வால்ல பிடிச்சுக்கிட்டு, "ஜஸாக்கல்லாஹ் ஹைர்" எண்டு எனக்கு நல்ல மரியாதையாச் சொல்லிட்டுப் போகுதுகள். அதோட பாடு முடிஞ்சிது. கூரையும் முடிஞ்சிது.

ஹஸீனா டீச்சர் என்னப் பார்த்தா. நான் மணலப் பார்த்தன். படங்குக்குக் கீழ மழை அடிக்கிறதும் பாடசாலைக் கேட்டுக்குப் பூட்டுப் போடுறதும் கண்ணுக்குள்ள வந்து போச்சு. அழுகை வந்திட்டு. (ஓம், தலைவருக்கும் வரும்.) ஏசப் போறா எண்டு நிண்டன். அவ கைய நீட்டி ஸ்பீக்கரப் பறிச்சா.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்க!"

முழுக் கடற்கரையும் நிண்டிச்சு. நிக்காம? அங்க நிண்டவங்கள்ல பாதிப் பேருக்குக் காத முறுக்கி "ஆனா" பழக்கினவ.

"மீன் உங்கட உரிமை, கொண்டு போங்க, ஆக்கித் தின்னுங்க. ஆனா மீன் போன ஒவ்வொரு வீட்டுல இரிந்தும் நாளைக்குப் பின்னேரம் அஸருக்கு முன்னுக்கு ஒரு தகரம் பாடசாலைக்கு வரணும். புதுசு தேவல்ல. வீட்டுக்குப் பின்னால சும்மா கிடக்கிறது போதும். வராட்டி நானே வருவன். ஆர் ஆர் எவ்வளவு மீன் வாங்கின எண்டு பார்த்துக்கிட்டுத்தான் நிண்டன். மஜீத், நீ ரெண்டு தரம் லைன்ல வந்த!"

மஜீத் எண்டு ஒரு பெரிய மனிசன், தாடியோட, தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ரெண்டு தகரம் தாறன் டீச்சர்" எண்டார்.

மறுநாள் நானும் பர்ஹானும் லேண்ட்மாஸ்டர் டிராக்டர் ஒண்டப் பிடிச்சு வீடு வீடாப் போனம். அந்த ஓட்டத்த நினைச்சா இப்பவும் முதுகு நோகுது! போற வீடெல்லாம் மீன் மணம், போற வீடெல்லாம் "வாங்க தலைவர், தின்னிட்டுப் போங்க" எண்டு ஒரு நக்கல். தகரம் வந்திச்சு பாருங்க, அப்பிடி வந்திச்சு! பச்சை, சிவப்பு, நீலம், கறள் பிடிச்சது, பாதியில சீமெந்து விளம்பரம் உள்ளது. ஒரு வீட்டுல கோழிக்கூட்டுக்கு மேல கிடந்தத எடுத்துக்கோ எண்டாங்க. எடுத்தன். உள்ள இரிந்த சேவல் என்ன அந்த ஒழுங்கை முடிவு மட்டும் துரத்திச்சு. பர்ஹான் அதையும் வீடியோ எடுத்தான். எங்கட கழகத்துல இண்டு வரைக்கும் ஆகக் கூடப் பேர் பார்த்த வீடியோ அதுதான்.

தகரத்தக் கொண்டு போய் இறக்கினம். கூரை வேலை செய்ற ஓடாவி வந்து ஒவ்வொண்டாத் தூக்கிப் பார்த்தார். "இது கூரையா, தையல் கடைத் துண்டுத் துணியா?" எண்டு கேட்டார். ஆனா அடிச்சார். கூலி கேக்கல்ல. அவரும் கயித்துல கை வெச்ச ஆள்தானாம்.

மழைக்கு முன்னுக்குக் கூரை ஏறிட்டு. பூட்டு விழல்ல. வந்து பார்த்த ஒபிசர் நிமிந்து பார்த்தார், சைன் வெச்சிட்டுப் போயிட்டார். ட்ரோன்ல இரிந்து பார்த்தா, எங்கட கடற்கரையில கெரம் போர்ட், லூடோ போர்ட் எல்லாத்தையும் உடைச்சுக் கொட்டின மாதிரி ஒரு கட்டடம் இரிக்கி. ஊர்ல அதுக்குப் பேர் கறிமீன் கூரை.

எங்கட வீட்டுல இண்டு வரைக்கும் மீன் ஆணம் வெச்சா உம்மா அகப்பையோட வந்து, "மகன், இன்னொரு துண்டு கூரை போடவா?" எண்டுதான் கேக்கிறது. போன மாசம் எனக்குப் பொண்ணு பார்க்கப் போன இடத்துல, பொண்ணுட உம்மா தேத்தண்ணிய வெச்சிட்டு வாப்பாட்ட நைசாக் கேட்டாவாம், "ஒரு பாடு மீன் முழுக்க ஊருக்கு அள்ளிக் குடுத்த மாப்பிள்ளை இவர்தானே?" எண்டு. வாப்பா சிரிச்ச சிரிப்புல தேத்தண்ணி மூக்கால வந்திட்டு. அவங்க இன்னும் பதில் சொல்லல்ல.

இண்டைக்குக் கழகக் கூட்டம் பாலர் பாடசாலையிலதான். ஆக்கள் வரும் மட்டும் சின்னக் கதிரையில முழங்கால மடக்கிக்கிட்டு இரிந்து இதை டைப் பண்றன். வெளிய மழை ஊத்துது. முழுக் கூரையிலயும் ஒரே ஒரு இடத்துலதான் ஒழுகுது. அது எங்கட வீட்டுத் தகரம்.