தண்ணீர்ச் சங்கத்தின் நெல்

சங்கப் பொருளாளர் என்றோர் இனம் உண்டு. சங்கப் பணத்தைத் தின்று ஏப்பம் விடுகிறவரைச் சொல்லவில்லை. அவரை எல்லோருக்கும் தெரியும். இவர் சல்லிக்காசு தொடாத உத்தமர். தானும் தொடமாட்டார், சங்கத்தையும் தொடவிடமாட்டார்.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை அந்த இனம். வாய்க்காலின் கடைக்கோடி வயல்களுக்கும் தண்ணீர் விடச் சொல்லி அப்போதைய திருவனந்தபுரம் அரசாங்கத்திடம் முறையிட, நாஞ்சில் நாட்டில் ஐம்பதாம் வருஷம் பிறந்த சங்கத்துக்கு அவர் பொருளாளர். சந்தா, அறுப்புக்கு வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல். அது அவர் வீட்டுப் பத்தாயத்துக்குள் போகும். போனது போனதுதான். கன்னிப்பூப் போகம் அறுத்ததும் விலை ஏறட்டும் என்பார், கும்பப்பூ அறுத்ததும் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பார், ஆண்டுக் கூட்டத்தில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "சங்கத்துக்கு ஒரு குறையும் இல்ல" என்பார். கைதட்டாமல் இருக்க முடியுமா?

நாலாம் வருஷம் மழை ஏமாற்றியது. மேல்மடைக்காரர்கள் வாய்க்காலை மறித்துக்கொண்டார்கள். செயலாளர் நீலகண்டன் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, நாலு பேரு திருவனந்தபுரம் போயி எஞ்சினீயரப் பாத்தா மடையத் திறக்கச் சொல்லுவாரு. கொஞ்சம் நெல்ல வித்து பஸ் கூலி தாரும். பயிரு தலையத் தொங்கப் போட்டாச்சு."

"இப்பமா விக்கது? ரெண்டு வாரம் பொறும்வே, வெல எங்கயோ போயிரும். சங்கத்து முதலு, வெளையாட்டா?"

பிள்ளை கணக்குத் தப்பவில்லை. கடைக்கோடிப் பயிர் மொத்தமும் கருகியது. அதில் அவர் வயலும் சேர்த்தி. நெல் விலை இரட்டித்தது. பத்தாயத்தைத் திறந்து பார்த்த பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில். சங்கம் இப்படிக் கொழித்ததே இல்லை.

நெல் வாங்க முதலில் வந்தவள் வடிவாம்பாள். ஓர் அறுப்பு விடாமல் சந்தா அளந்தவள், இந்த முறை அறுக்க ஒன்றும் இல்லாதவள். கையில் கம்மல் விற்ற காசு.

"பிள்ளையளுக்குக் கஞ்சிக்கு அஞ்சு மரக்கால் வேணும் அண்ணாச்சி. எல்லாம் நாங்க போட்ட நெல்லுதானே?"

"போட்டது சங்கத்துக்குல்லா மக்கா, சும்மா எடுத்துத் தர முடியுமா? ஆனா நீ உறுப்பினரு பாத்தியா, மரக்காலுக்கு ஓரணா குறச்சுத் தாறேன்."

பாவி மனுஷன், அந்த ஓரணாவை அவர் தர்மமென்றே நம்பினார்.

சிரிக்கிறீர்களா? உங்களிடமும் ஏதாவது ஒரு நிதி இருக்குமே, நூல் நிலையத்துக்கோ, ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கோ? இருப்பு எவ்வளவு என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள். கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ஏன் ஐயா முறைக்கிறீர்கள்?