ராசாத்திக்கு ஸ்பிரிட்

அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது டீ வடிகட்டி. டீக்கு அல்ல, காருக்கு.

"உங்க ராசாத்திக்கு என் வீட்டு வடிகட்டி எதுக்கு?"

"ஸ்பிரிட் ஊத்தினதுல டேங்கில இருந்த பழைய துரு எல்லாம் கழண்டு வருது. வடிகட்டித்தான் ஊத்தணும். குடு இங்க."

கொடுத்தாள். மேஜையில் நங்கென்று வைத்துக் கொடுத்தாள்.

முப்பது வருஷமாக அவளை அவர் கூப்பிட்டது 'இந்தா' என்றுதான். ஷெட்டில் நின்ற நாற்பத்தெட்டு வயதுப் பச்சைக் காருக்கு மட்டும் ராசாத்தி என்று பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, அதைப் பெட்ரோலுக்குப் பதில் ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், ஓட வைக்கப் போவதாகக் கிளம்பிவிட்டார். கூட்டாளி, தெருமுனை மெக்கானிக் நட்டு. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் சாப்பாட்டுக்குத்தான் தலை தெரியும். தையல் மிஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே பார்க்கிறவளுக்கு வயிறு எரிந்தது. சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தால் தலைமுடியைப் பிடித்தாவது இழுத்திருக்கலாம். இதற்கு வைப்பர்தான் இருந்தது.

முதலில் சாவியை நூல்கண்டு டப்பாவில் ஒளித்தாள். அவர்கள் பூட்டையே கழற்றினார்கள். கூடவே டேஷ்போர்டும் கையோடு வந்துவிட்டது. எட்டு நாள் அதிலேயே போயிற்று.

பிறகு ஸ்பிரிட் கேனில் இரண்டு செம்பு தண்ணீர் கலந்தாள். ராசாத்தி இருமினாள், குலுங்கினாள், நின்றாள்.

"கார்பரேட்டர்தான் அண்ணே. ஸ்பிரிட்டுன்னா கூடுதலா இறங்கணும், ஓட்டை பத்தலை," என்றான் நட்டு.

"கழட்டுடா!"

பன்னிரண்டு நாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு நட்டுவிடமே கேட்டாள். "தம்பி, உன் அண்ணனைக் கொஞ்ச நேரமாவது வீட்டுக்குள்ள இருக்க வையேன்."

"அவ்வளவுதானே அண்ணி!"

மறுநாள் கார்பரேட்டர் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. அதன் பின்னாலேயே அவரும் வந்தார். அவளுடைய பல் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டு அதைத் தேய்த்து முடித்து, முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தா, கொஞ்சம் மோந்து பாரேன். எப்படி இருக்கு?"

"உங்க ராசாத்தியை நீங்களே மோந்துக்குங்க!"

அவர் முகம் வாடிவிட்டது. அவளுக்கு அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பாடு இறங்கியது.

வடிகட்டியை வாங்கிப் போன அன்று, அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று ஷெட்டிலிருந்து நட்டுதான் கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நேரத்திலும் மனுஷர் அந்தக் காருக்குப் பக்கத்தில்தான் இருந்தார் என்பதை அவளால் பொறுக்கவே முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பழைய இரும்புக்காரரை வரச் சொன்னாள். அவர் சங்கிலியை மாட்டுவதற்குள் நட்டு வந்து குறுக்கே நின்றான்.

"அண்ணி, வேலையை முடிச்சிட்டேன். ஒரே தடவைல ஸ்டார்ட் ஆகுது. நேத்து நாலு தெரு சுத்தி வந்தேன். ஒரு தடவை உக்காந்து பாருங்க."

"முப்பது வருஷத்துல முப்பது அடி நான் அதுல போனதில்லை. இப்ப எதுக்கு? தள்ளு."

"அண்ணன் பட்ட பாடு அண்ணி..."

"யாரு படச் சொன்னா? பெட்ரோல்லயே குதிரை மாதிரி ஓடிச்சே! என்ன கேடு வந்துச்சுன்னு ஸ்பிரிட்டுக்கு மாத்தினாரு? மகாராணிக்கு வாய்க்கு ருசியா வேணுமாமா?"

நட்டு கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தான்.

"வண்டிக்கு என்ன அண்ணி, எதை ஊத்தினாலும் குடிக்கும். பெட்ரோல் வாடைக்குக் குமட்டுறது உங்களுக்குத்தானே?"